அன்னா மன்யானி: தெருவில் கண்டெடுத்த முகம் அல்ல

அன்று பீனாவுக்குக் கல்யாணம். விடிந்து கொஞ்ச நேரத்தில் ஜெர்மன் சிப்பாய்கள் குடியிருப்பைச் சுற்றி வளைக்கிறார்கள். மாப்பிள்ளை பிரான்செஸ்கோவைப் பிடித்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். தடுத்த சிப்பாய்களை உதறித் தள்ளிவிட்டு, "பிரான்செஸ்கோ! பிரான்செஸ்கோ!" என்று கத்தியபடி அவள் லாரிக்குப் பின்னால் ஓடுகிறாள். கேமரா லாரியில் இருக்கிறது. அதனால் அவள் நம்மை நோக்கித்தான் ஓடி வருகிறாள். துப்பாக்கி வெடிக்கிறது. சுட்டவன் யாரென்று காட்டுவதில்லை. ஒரு கை மேலே நீட்டியபடியே குப்புற விழுகிறாள். பாவாடை தொடைவரை ஏறி, காலுறையைப் பிடித்திருக்கும் பட்டி தெரிகிறது. பாதிரியாருக்கு உதவியாக வந்த சின்ன மகன், வெள்ளை அங்கியோடு ஓடிவந்து அம்மாவின் மேல் விழுந்து அழுகிறான்.

படம் பாதிதான் ஓடியிருக்கிறது. இவள்தான் கதாநாயகி என்று நம்பி உட்கார்ந்திருந்தவர்களுக்கு இனி அவள் இல்லை.

'ரோம், திறந்த நகரம்' 1945இல் வந்தது. பீனாவாக நடித்தவர் அன்னா மன்யானி. அந்த ஓட்டம் இத்தாலிய சினிமாவின் சின்னமாகவே ஆகிவிட்டது. தபால்தலை, போஸ்டர், புத்தக அட்டை என்று எங்கும் அந்தக் கைதான். கூடவே ஒரு நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டது. நியோரியலிசம் (சாதாரண மக்களின் வாழ்க்கையை உள்ளபடி காட்ட முயன்ற, போர்க்கால முடிவை ஒட்டிய இத்தாலிய சினிமாப் போக்கு) என்றால் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு நடிக்க வைப்பது, மன்யானியும் அப்படித்தான், அவர் நடிக்கவே இல்லை, அப்படியே வாழ்ந்துவிட்டார் என்ற நம்பிக்கை. பாராட்டு போலத்தான் இருக்கிறது. ஆனால் உழைத்துக் கற்றுக்கொண்ட ஒருவரின் தொழிலை இது அவரிடமிருந்து பறித்துவிடுகிறது.

ஒரு விஷயத்தைச் சொன்னால் போதும். அந்தப் படம் பெரும்பாலும் ஒலி இல்லாமல் எடுக்கப்பட்டது. ஒலிப்பதிவுக்குக் காசும் வசதியும் இல்லை. நடிகர்கள் பிற்பாடு உள்ளே உட்கார்ந்து திரையைப் பார்த்து உதட்டசைவுக்குப் பொருத்தமாகக் குரல் கொடுத்தார்கள். உலகமே உறைந்துபோய்க் கேட்ட அந்த "பிரான்செஸ்கோ!" டப்பிங்கில் கொடுத்த கூச்சல். ஓடாமல், மூச்சிரைக்காமல், யாரும் சுடாமல், மைக்கின் முன்னால் நின்று அப்படிக் கத்த முடிந்தவரை "இயல்பாக வாழ்ந்துவிட்டார்" என்று சொல்லித் தள்ளிவிட முடியுமா?

மன்யானி 1908 மார்ச் 7 அன்று ரோமில் பிறந்தார். அப்பா யாரென்று பதிவில் இல்லை. மன்யானி என்பது அம்மாவின் குடும்பப் பெயர். அம்மா எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குப் போய் அங்கே வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டார். குழந்தையைப் பாட்டியும் சித்திமார்களும் ரோமில் வளர்த்தார்கள். அவரே அலெக்சாந்திரியாவில் பிறந்தவர் என்று வெகுகாலம் ஒரு கதை உலவியது. அவருக்கு அது பிடிக்கவில்லை. ரோம்காரி என்பதை யாரும் தொட்டால் விடமாட்டார். பெரியவரான பிறகு அப்பாவின் பெயரைத் தேடிப்போய், அது 'தெல் தூச்சே' என்று தெரிந்ததும் தேடலை நிறுத்திவிட்டதாகச் சொல்வார். 'தூச்சே' என்பது முசோலினியைக் கட்சிக்காரர்கள் அழைத்த பட்டம். அந்தப் பெயருக்கு மகளாக இருக்க வேண்டாம் என்று நினைத்தாராம். உண்மையோ வேடிக்கையோ, சொல்லும் விதத்திலேயே அவருடைய மேடைத்தனம் தெரிகிறது.

கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளி, பியானோ, அப்புறம் ரோமில் நாடகப் பள்ளி. இருபதாம் வயதை ஒட்டி நாடகக் குழுக்களோடு ஊர் ஊராகப் போகத் தொடங்கிவிட்டார். முதலில் சின்னச் சின்ன வேடங்கள், சம்பளமும் அதற்கேற்பத்தான். பிறகு அவர் போய்ச் சேர்ந்த இடம்தான் முக்கியம்: இத்தாலியர்கள் 'ரிவிஸ்தா' என்று சொல்லும் பல்சுவை மேடை. பாட்டு, நையாண்டி, நடனம், துணுக்கு நாடகம் எல்லாம் கலந்த கதம்பம். ரோம் நகரத்து வட்டாரப் பேச்சில் 'ஸ்தோர்னெல்லி' பாடுவார். ஒருவகை எசப்பாட்டு அது. எதிரே இருப்பவரைப் பார்த்து அப்போதைக்கு அப்போது வரிகட்டி வம்பிழுக்க வேண்டும். 1940களின் தொடக்கத்தில் நகைச்சுவை நடிகர் தோத்தோவோடு சேர்ந்து அடுத்தடுத்து ரிவிஸ்தாக்களில் நடித்தார். போர் உச்சத்தில் இருந்த நேரம். பசியோடும் பயத்தோடும் வந்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைச் சிரிக்க வைப்பது லேசான காரியம் இல்லை.

அந்த மேடைகளின் ரசிகர்கள் பொல்லாதவர்கள். பிடிக்காவிட்டால் விசிலோடு நிறுத்த மாட்டார்கள். இயக்குநர் ஃபெலினி தன் 'ரோமா' படத்தில் அப்படியொரு கொட்டகையை மறுபடி உருவாக்கிக் காட்டுகிறார். செத்த பூனையையே மேடையில் தூக்கி எறிகிறார்கள். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு முன்னால் நிற்பவர்களுக்குச் சில பழக்கங்கள் தானாக வந்துவிடும். எந்த நொடியில் குரலை ஏற்றுவது, எங்கே வாக்கியத்தைப் பாதியில் விட்டுத் திரும்பிப் பார்ப்பது, எதிரியின் வசவை எப்படிச் சிரிப்பாக மாற்றித் திருப்பி அடிப்பது என்பதெல்லாம். மன்யானியின் படங்களில் நாம் 'இயல்பு' என்று ரசிப்பதில் முக்கால்வாசி இந்தப் பழக்கம்தான். 'ரோம், திறந்த நகரம்' படத்தில் பாதிரியாராக வரும் ஆல்தோ ஃபாப்ரிசியும் அதே பல்சுவை மேடையிலிருந்து வந்த சிரிப்பு நடிகர். நியோரியலிசத்தின் தாய்ப்படத்தைத் தோளில் சுமந்தது இரண்டு காமெடிக்காரர்கள். சின்ன வேடங்களில் தொழில் நடிகர் அல்லாதவர்கள் இருந்தார்கள், அது உண்மை. மையத்தில் இருந்தவர்கள் தேர்ந்த மேடைக்காரர்கள்.

சரி, அப்படியானால் அதுவரை சினிமா ஏன் அவரைக் கண்டுகொள்ளவில்லை? 1934இலிருந்தே அவர் படங்களில் தலைகாட்டிக்கொண்டுதான் இருந்தார். 1935இல் இயக்குநர் கொஃப்ரேதோ அலெசாந்திரினியைக் கல்யாணமும் செய்துகொண்டார். அது சில வருஷங்களிலேயே பிரிவில் முடிந்தது. இயக்குநரின் மனைவி என்பதாலும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கால இத்தாலியப் படங்களுக்கு 'வெள்ளை டெலிஃபோன்' படங்கள் என்று ஒரு கேலிப் பெயர் உண்டு. பணக்கார வீடு, பளபளக்கும் கூடம், அதில் வெள்ளை நிறத்தில் ஒரு டெலிஃபோன், பக்கத்தில் பொன்னிறக் கூந்தலோடு ஒரு அழகி. மன்யானிக்குக் கரிய கலைந்த முடி, கண்ணுக்குக் கீழே கருவளையம், கூரான மூக்கு, தாழ்ந்து கரகரக்கும் குரல். அந்தக் கூடத்தில் அவரை எங்கே உட்கார வைப்பது? அதனால் பாடகி, வேலைக்காரி, நாயகனின் முன்னாள் காதலி என்று ஓரத்து வேடங்களே வந்தன. 1941இல் விட்டோரியோ டி சிகா இயக்கிய 'தெரேசா வெனெர்தி' படத்தில் பல்சுவை மேடைப் பாடகியாக வருகிறார். சலிப்பு முகத்தில் வழிய, கடனே என்று ஒத்திகை பார்க்கும் காட்சி அது. சில நிமிடங்கள்தான், படத்தில் மற்றவர்கள் எல்லாம் மங்கிப்போகிறார்கள்.

1942இல் நடிகர் மாசிமோ செராத்தோவோடு இருந்த உறவில் ஒரு மகன் பிறந்தான். செராத்தோ விலகிவிட்டார். மகனுக்கு மன்யானி தன் குடும்பப் பெயரையே வைத்தார். தனக்கு அம்மா செய்ததை அவரும் செய்தார். அந்தப் பிள்ளைப்பேற்றுக்கு ஒரு விலையும் இருந்தது. இயக்குநர் விஸ்கோந்தி தன் முதல் படமான 'ஒசெசியோனே'யில் அவரைத்தான் கதாநாயகியாக நினைத்திருந்தார். கர்ப்பமாக இருந்ததால் அந்த வேடம் கிளாரா கலமாய்க்குப் போனது. அடுத்து, குழந்தைக்கு ஒன்றரை வயதுபோல் இளம்பிள்ளைவாதம் தாக்கியது. பிற்பாடு ஏன் இவ்வளவு கறாராகச் சம்பளம் பேசினார் என்று கேட்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரோம் 1944 ஜூன் 4 அன்று விடுதலையானது. அடுத்த ஜனவரியில் இயக்குநர் ரொபெர்த்தோ ரொசெல்லினி 'ரோம், திறந்த நகரம்' படப்பிடிப்பைத் தொடங்கிவிட்டார். இத்தாலியின் வடக்கில் அப்போதும் போர் நடந்துகொண்டிருந்தது. 'திறந்த நகரம்' என்ற தலைப்பே ஒரு குத்தல்தான். தற்காக்கப் போவதில்லை, அதனால் தாக்கவும் கூடாது என்று அறிவிக்கப்படும் ஊருக்கு அப்படிப் பெயர். 1943 ஆகஸ்டில் ரோம் அப்படி அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே ஜெர்மானியர்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

பீனாவுக்கு நிஜத்தில் ஒரு முன்மாதிரி உண்டு. 1944 மார்ச் 3 அன்று, ரோமின் ஜூலியோ சேசரே சாலையில் ஒரு ராணுவக் குடியிருப்புக்கு முன்னால், பிடித்து வைக்கப்பட்டிருந்த கணவரைப் பார்க்க வந்த தெரேசா குல்லாச்சே என்ற பெண்ணை ஒரு ஜெர்மன் சிப்பாய் சுட்டுக் கொன்றான். ஐந்து பிள்ளைகளின் தாய், வயிற்றில் ஆறாவது. ரோம் மக்களுக்கு அந்த ரத்தம் காய்ந்திருக்காத நேரத்தில் இந்தக் காட்சி படமாக்கப்பட்டது. ஓட்டத்துக்கு இன்னொரு ஊற்றும் உண்டு. திரைக்கதை எழுதிய செர்ஜியோ அமிதெய் பின்னாளில் சொன்ன கதை. படப்பிடிப்பில் மன்யானிக்கும் செராத்தோவுக்கும் சண்டை முற்றி, செராத்தோ ஒரு வண்டியில் தாவி ஏறிக் கிளம்பிவிட, இவர் வாயில் வந்தபடியெல்லாம் திட்டிக்கொண்டே பின்னால் ஓடினாராம். அதைப் பார்த்துத்தான் லாரிக்குப் பின்னால் ஓடும் யோசனை பிறந்ததாம். ஒரு பெண்ணின் சாவும் இன்னொரு பெண்ணின் குடும்பச் சண்டையும் ஒரே ஓட்டத்தில் கலந்துபோனது எனக்கு முதலில் நெருடலாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் மன்யானியின் நடிப்பு முழுக்க இப்படித்தான். துக்கத்துக்குப் பக்கத்திலேயே தெருச்சண்டையின் சூடு இருக்கும்.

கொஞ்ச காலம் எல்லாம் கைகூடி வந்தது. 1947இல் 'ஓனொரேவோலே ஆஞ்செலினா' படத்துக்காக வெனிஸ் விழாவில் சிறந்த நடிகை. சேரிக் குடியிருப்புக்காரர்களைத் திரட்டிக் காலி வீடுகளில் குடியேற்றும் குடும்பத் தலைவி வேடம். 1948இல் ரொசெல்லினி அவருக்காகவே 'லமோரே' எடுத்தார், இரண்டு கதைகள். முதல் கதையில் அறைக்குள் டெலிஃபோனும் அவரும் மட்டும். விட்டுப்போகும் காதலனிடம் பேசுகிறார், மறுமுனை நமக்குக் கேட்காது. இரண்டாவது கதை 'அதிசயம்'. ஆடு மேய்க்கும் பேதைப் பெண் ஒருத்தி, வழிப்போக்கன் ஒருவனைப் புனித சூசையப்பர் என்று நம்பிவிடுகிறாள், பிறகு கர்ப்பமாகிறாள், தன் வயிற்றில் இருப்பது தெய்வக் குழந்தை என்கிறாள். வழிப்போக்கனாக வருவது, தலைமுடிக்குப் பொன்னிறச் சாயம் பூசிய ஃபெலினி.

இந்த 'அதிசயம்' அமெரிக்கச் சட்ட வரலாற்றிலும் இடம் பிடித்தது. நியூயார்க்கில் திரையிட்டபோது கத்தோலிக்கத் தலைமை கொதித்தது. தெய்வநிந்தனை என்று மாநில அதிகாரிகள் உரிமத்தை ரத்து செய்தார்கள். விநியோகஸ்தர் ஜோசப் பர்ஸ்டின் உச்ச நீதிமன்றம்வரை போனார். சினிமா வெறும் வியாபாரம், அதற்குக் கருத்துரிமை கிடையாது என்று 1915இலிருந்து நிலைத்திருந்த தீர்ப்பை, 1952 மே 26 அன்று அந்த நீதிமன்றம் ஒருமனதாக மாற்றியது. ஹாலிவுட்டின் எத்தனையோ பெரிய படங்களால் முடியாததை, மலைப்பாதையில் மூச்சுவாங்கி ஏறும் ஒரு பைத்தியக்காரப் பெண்ணின் கதை செய்தது.

காதலர்களாக இருந்த அந்த ரொசெல்லினிக்கும் மன்யானிக்கும் நடுவே வந்தது ஒரு கடிதம். 'ரோம், திறந்த நகரம்' பார்த்து அசந்துபோன ஹாலிவுட் நடிகை இங்க்ரிட் பெர்க்மன், உங்கள் படத்தில் நடிக்க வருகிறேன் என்று 1948இல் ரொசெல்லினிக்கு எழுதினார். மன்யானி ஓடிய ஓட்டத்தைப் பார்த்து வந்த கடிதமே மன்யானியை வெளியே தள்ளியது. 1949இல் ரொசெல்லினியும் பெர்க்மனும் சிசிலிக்கு வடக்கே ஸ்திரோம்போலித் தீவில் ஒரு படம் எடுக்க, பக்கத்துத் தீவில் மன்யானி 'வுல்கானோ' என்று போட்டிப் படம் நடிக்க, பத்திரிகைகள் 'எரிமலைகளின் போர்' என்று தலைப்பு வைத்துக் கொண்டாடின. 1950 பிப்ரவரி 2 அன்று ரோமில் 'வுல்கானோ' முதல் காட்சி. ப்ரொஜக்டர் பல்பு பழுதாகிப் படம் நின்றது. அதே இரவு பெர்க்மனுக்கும் ரொசெல்லினிக்கும் மகன் பிறந்த செய்தி வர, நிருபர்கள் எழுந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். படம் அத்தோடு போயிற்று.

அவருடைய படங்களில் ஒன்றே ஒன்றைப் பார் என்றால் நான் 'பெல்லிசிமா'வைச் சொல்வேன். 1951, விஸ்கோந்தி. மன்யானி மதலேனா என்ற தாய்; வீடு வீடாகப் போய் ஊசி போட்டுப் பிழைப்பவள். சினிமாவுக்குச் சிறுமி தேவை என்று கேள்விப்பட்டுத் தன் மகளை எப்படியாவது உள்ளே நுழைத்துவிட அலைகிறாள். நடனம், நடிப்புப் பயிற்சி, கவுன், ஃபோட்டோ, சிபாரிசுக்கு லஞ்சம் என்று சேமிப்பு கரைகிறது. ஒரு காட்சியில் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டே, நடிப்பு என்றால்தான் என்ன, நான் வேறொருத்தி என்று நம்பிக்கொண்டால் நடிப்புதானே என்று தனக்குள் சொல்லிப் பார்க்கிறாள். ஒரு நடிகை, நடிகை அல்லாத பெண்ணாக நடித்து, நடிப்பைப் பற்றி யோசிக்கிறார். சீப்பு நிற்கவே இல்லை. கடைசிப் பகுதியில் ஸ்டூடியோ அறைக்குள் ஒளிந்து நின்று, மகளின் சோதனைப் படத்தைப் பார்க்கிறாள். திரையில் குழந்தை அழுகிறது. உள்ளே இருக்கும் சினிமாக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ரிவிஸ்தா காலத்தில் எத்தனையோ பேரை வாயால் வென்றவர் அங்கே வாய் பேசாமல் நிற்கிறார். நியோரியலிசம் பற்றி வந்த விமர்சனங்களில் இதைவிடக் காட்டமானதை நான் படித்ததில்லை.

அதே படத்தின் முடிவில் ஒரு சின்ன வேடிக்கை. படுக்கப் போகும் மதலேனாவின் காதில், வெளியே திறந்தவெளிக் கொட்டகையில் ஓடும் படத்தின் வசனம் விழுகிறது. பர்ட் லங்காஸ்டர், என்ன அருமையான ஆள் என்று சொல்கிறாள். நான்கு வருஷம் கழித்து மன்யானி அமெரிக்காவில் நடித்தபோது அவருக்கு ஜோடி சாட்சாத் பர்ட் லங்காஸ்டர்தான்.

அந்தப் படம் 'தி ரோஸ் டாட்டூ'. டென்னசி வில்லியம்ஸ் அந்த நாடகத்தை மன்யானியை மனதில் வைத்தே எழுதினார். ஆங்கிலம் போதாது என்று மேடையில் நடிக்க அவர் ஒப்பவில்லை. 1951இல் பிராட்வேயில் மாரீன் ஸ்டேபிள்டன் நடித்துப் பரிசும் வாங்கினார். 1955இல் படமானபோது மன்யானி வந்தார். செத்த கணவனின் சாம்பலை வீட்டில் வைத்துக் கும்பிடும் சிசிலித் தையல்காரி வேடம். 1956 மார்ச் 21 அன்று சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. இத்தாலிய நடிகை ஒருவருக்கு அது முதல்முறை. அவர் விழாவுக்கே போகவில்லை. படத்தில் மகளாக நடித்த மரீசா பவான் வாங்கிக்கொண்டார். ரோமில் நடுராத்திரி ஃபோன் அடித்துச் செய்தி சொன்னவரை, விளையாடுகிறான் என்று நம்பவே இல்லையாம்.

ஆஸ்கருக்குப் பிறகு வீட்டு வாசலில் தயாரிப்பாளர்கள் வரிசையில் நின்றிருக்க வேண்டும் என்று தோன்றும். அமெரிக்காவில் இன்னும் இரண்டு படங்கள் வந்தன: 1957இல் ஆந்தனி க்வின்னோடு 'வைல்டு இஸ் தி விண்ட்', 1960இல் மார்லன் பிராண்டோவோடு 'தி ஃப்யூஜிடிவ் கைண்ட்'. இத்தாலியில்தான் வாய்ப்பு வற்றியது. காரணம் ஊகிக்கக் கடினமில்லை. ஐம்பதுகளின் இத்தாலி பழைய பசியை மறக்க விரும்பியது. ஸ்கூட்டர், ஃப்ரிட்ஜ், கடற்கரை விடுமுறை. ஜினா லொல்லோபிரிஜிடா, சோபியா லோரன் போன்ற இளம் அழகிகள் அந்தப் புது இத்தாலியின் முகங்கள். மன்யானியைப் பார்த்தால் ரேஷன் வரிசையும் குண்டு விழுந்த வீடுகளும் ஞாபகத்துக்கு வரும். கூடவே, கோபக்காரி, சமாளிக்க முடியாதவர் என்ற பெயர் வேறு. ஆண் நடிகர்களிடம் 'மேதைமையின் கிறுக்கு' என்று பாராட்டப்படுவது பெண்ணிடம் 'தொல்லை' ஆகிவிடுவது அந்த ஊரிலும் வழக்கம்தான்.

டி சிகாவின் 'லா சோசாரா' பட விவகாரத்தில் இந்த மாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. முதல் திட்டத்தில் மன்யானி தாய், லோரன் மகள். மன்யானி மறுத்தார், வேண்டுமானால் லோரனையே தாயாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்றாராம். டி சிகா அப்படியே செய்தார். இருபத்தைந்தே வயதான லோரன் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குத் தாயாக நடித்து 1962இல் ஆஸ்கர் வாங்கினார். மன்யானி கொடுத்த யோசனைதான், பலன் வேறு ஒருவருக்கு.

அதே 1962இல் பசோலினி 'மாம்மா ரோமா'வுக்கு அழைத்தார். பாலியல் தொழிலை விட்டு, காய்கறி வண்டி வைத்து, பதின்வயது மகனை மரியாதைப்பட்டவனாக ஆக்கத் துடிக்கும் பெண். நள்ளிரவுச் சாலையில் அவள் நடந்துகொண்டே தன் கதையைச் சொல்கிறாள். கேமரா பின்வாங்கிக்கொண்டே போகிறது. இருட்டிலிருந்து ஒருவர் வந்து கூட நடக்கிறார், விலகுகிறார், இன்னொருவர் வருகிறார். பேச்சு மட்டும் அறுபடவில்லை. யாரைப் பார்த்துப் பேசுகிறாள் என்பது அவளுக்கே பொருட்டில்லை. ரிவிஸ்தா மேடையின் தனிப்பேச்சு இப்படியொரு இருட்டுக்குள் வந்து சேரும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

ஆனால் படப்பிடிப்பில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. பசோலினி காட்சியைத் துண்டு துண்டாக வெட்டி எடுப்பவர். ஒரு பார்வை, கட். ஒரு சிரிப்பு, கட். உணர்ச்சியை அடுக்கி ஏற்றிக்கொண்டு போய் உச்சியில் உடைப்பது மன்யானியின் முறை. அவர் பிடித்த நூலை இவர் அறுத்துக்கொண்டே இருந்தார். தொழில்முறை நடிகர்கள் மேல் பெரிய ஈடுபாடு இல்லாத பசோலினி, அவர் நடிப்பில் நகரத்து நடுத்தர வர்க்கச் சாயல் ஏறிவிட்டது என்று பின்னாளில் குறைப்பட்டுக்கொண்டார். வேடிக்கையைப் பாருங்கள். அத்தனை வருஷம் எல்லோரும் தெருவிலிருந்து வந்தவர் என்று புகழ்ந்தவரை, நிஜமாகவே தெருவைத் தெரிந்த ஒரு இயக்குநர், இவர் நடிகை என்று கண்டுபிடித்துக் குறை சொன்னார். கண்டுபிடிப்பு சரி, குறையாக எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு மேடைக்குத் திரும்பினார். 1965இல் ஜெஃபிரெல்லி இயக்கத்தில் 'லா லூபா', அடுத்த வருஷம் 'மெதேயா'. 1971இல் தொலைக்காட்சிக்காக ஆல்ஃபிரேதோ ஜன்னெத்தியோடு சில படங்கள். என் சுருக்கங்களை மறைக்காதீர்கள், அவற்றைச் சம்பாதிக்க வெகுகாலம் ஆனது என்று மேக்கப்காரரிடம் சொன்னதாக ஒரு வாசகம் இணையமெங்கும் சுற்றுகிறது. எந்தப் படப்பிடிப்பில் சொன்னார் என்று யாரும் சொல்வதில்லை. அந்தப் படங்களைப் பார்த்தால் சொல்லியிருக்கத் தேவையே இல்லை என்று தெரியும்.

1972இல் வந்த ஃபெலினியின் 'ரோமா'தான் திரையில் கடைசி. இரவு, தன் வீட்டு வாசலுக்கு நடந்து வருகிறார். நீங்கள்தான் இந்த நகரத்தின் சின்னம் என்று ஃபெலினியின் குரல் பின்னாலிருந்து அளக்கிறது. உன்னை நம்ப மாட்டேன், போய்த் தூங்கு என்று ரோம் பேச்சில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறார். ஒரு நிமிடம்கூட இல்லாத அந்தக் காட்சியில் ரிவிஸ்தாவின் பழைய வித்தை அப்படியே இருக்கிறது: எதிராளி எவ்வளவு பெரிய பாட்டைப் பாடினாலும் ஒரே வரியில் முடித்துவிடுவது.

1973 செப்டம்பர் 26 அன்று கணையப் புற்றுநோயால் இறந்தார், வயது 65. கடைசி நாட்களில் ரொசெல்லினி பக்கத்தில் இருந்தார். அன்று மாலை இத்தாலியத் தொலைக்காட்சியில் ஏற்கெனவே திட்டமிட்டபடி அவர் நடித்த படமே ஓடியது. ரோமின் சாந்தா மரியா சோப்ரா மினெர்வா ஆலயத்தில் இறுதிச் சடங்கு. சவப்பெட்டி வெளியே வந்தபோது சதுக்கத்தில் கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். உடலை முதலில் ரொசெல்லினியின் குடும்பக் கல்லறையில் வைத்தார்கள். பிறகுதான் கடலோரத்தில் அவருக்கு வீடு இருந்த சான் ஃபெலிச்சே சிர்சேயோவுக்கு மாற்றினார்கள்.